உலோகத்துக்கு வெப்பம் தாங்கும் பெயின்ட்: எடை போடுவதிலிருந்து முதல் சூடு வரை

புகைபோக்கி, சைலன்ஸர், சூளைக் கதவு, பாய்லர் குழாய் மாதிரி சூடேறும் உருக்குப் பரப்புகளுக்கான சிலிக்கோன் அலுமினியம் பெயின்ட்டை ஒரு கிலோ அளவில் எப்படிக் கலப்பது, எப்படி அடிப்பது, எப்படிச் சூடேற்றி இறுக வைப்பது என்று வரிசையாக எழுதியிருக்கிறேன். புதிதாகக் கலப்பவர்கள் தடுமாறும் இடங்களைக் கவனித்ததில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. தவறான பொருளால் கெடுவதைவிட, சரியான பொருளைத் தவறான வரிசையில் சேர்த்துக் கெடுவதுதான் அதிகம். அதனால் அளவைவிட வரிசையைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப்போகிறேன்.

முழுவதையும் ஒரு தடவை படித்துவிட்டு, அப்புறம் தராசை எடுங்கள்.

## 1. முதலில் வெப்பநிலையை முடிவு செய்யுங்கள்

தீ எவ்வளவு சூடு என்பது கணக்கில்லை, பெயின்ட் உட்காரப்போகும் வெளிப்பரப்பு எத்தனை டிகிரி போகிறது என்பதுதான் கணக்கு. சூளைக்குள்ளே 900 டிகிரி இருந்தாலும் வெளித் தகடு 250-ஐத் தாண்டாமல் இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளாமல் பொருள் வாங்கக் கிளம்பினால் ஒன்று பணம் வீண், இல்லையென்றால் பெயின்ட் வீண்.

அளக்கும்போது ஒரு எச்சரிக்கை. தேய்த்துப் பளபளப்பாக்கிய உலோகத்தின் மேல் அகச்சிவப்பு வெப்பமானியை நீட்டினால், அது உண்மையான சூட்டைவிடக் குறைவாகவே காட்டும், பளபளப்பான உலோகம் கதிர்வீச்சைக் குறைவாகத்தான் வெளிவிடும் என்பதால். கரி படிந்த இடத்தில் பார்த்தால் கணக்கு ஓரளவு சரியாக வரும். தெர்மோகப்பிளை, அதாவது தொட்டு வெப்பம் அளக்கும் கம்பியை, பரப்பில் ஒட்டவைத்துப் பார்ப்பது இன்னும் நம்பகமானது.

120 டிகிரிக்குள் என்றால் இந்த வேலையே வேண்டாம், சாதாரண எனாமல் போதும். 200, 250 வரை சிலிக்கோன் கலந்த ஆல்கைடு பெயின்ட் தாங்கும். அதற்கு மேலே 600 வரைக்கும்தான் இந்த வழிகாட்டியில் வரும் சிலிக்கோன் அலுமினியம் பெயின்ட். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும், ஆகவே 600-ஐத் தாண்டும் இடத்தில் வெள்ளி நிறத்தை நம்பாதீர்கள். 650 வரை கருப்பு வகை ஓரளவு நிற்கும். அதற்கும் மேல் போகும் பரப்பைப் பெயின்ட்டால் காப்பாற்ற முடியாது, அது செராமிக் பூச்சின் வேலை.

ஏன் சிலிக்கோன்? ரெசின் என்பது பெயின்ட்டில் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும் பசை. சாதாரண ரெசினின் முதுகெலும்பு கார்பன் சங்கிலி. சூட்டில் அது ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்துவிடும். சிலிக்கோன் ரெசினின் முதுகெலும்பு சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறி வரும் சங்கிலி. கார்பன்–கார்பன் பிணைப்பை உடைக்க மோலுக்கு சுமார் 350 கிலோஜூல் போதும், சிலிக்கான்–ஆக்சிஜனுக்கு சுமார் 450 வேண்டும். அதோடு சிலிக்கான் ஏற்கெனவே ஆக்சிஜனோடு சேர்ந்தே இருப்பதால் எரிய அதில் மிச்சமில்லை. பக்கத்தில் தொங்கும் கரிமக் குழுக்கள் 350, 400 டிகிரிக்கு மேல் எரிந்துபோனாலும், மீதி நிற்கும் சிலிக்கா அலுமினியத் தகடுகளையும் உலோகப் பரப்பையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

## 2. முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

ஒரு கிலோ பெயின்ட்டுக்கு, எல்லாம் எடையில்:

- மெத்தில் ஃபீனைல் சிலிக்கோன் ரெசின், சைலீனில் 50 சதவீதக் கரைசல்: 550 கிராம்
- அலுமினியம் பேஸ்ட், 65 சதவீதத் திடப்பொருள் கொண்டது: 250 கிராம்
- மைக்கா பவுடர், 325 மெஷ் (சல்லடைக் கண் எண், எண் கூடினால் கண் சிறிது): 50 கிராம்
- ஃபியூம்டு சிலிக்கா (மிக நுண்ணிய, லேசான சிலிக்காத் தூள்): 5 கிராம்
- சைலீன் (இங்கே கரைப்பானும் தின்னரும் இதுதான்): 145 கிராம்

இதற்கு வெளியே, கடைசியில் பதம் பார்க்க ஐம்பது கிராம் சைலீன் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ரெசினில்தான் முதல் தவறு நடக்கிறது. சிலிக்கோன் என்ற பெயரைப் பார்த்ததும் கண்ணாடி ஒட்டும் சீலன்டையோ சிலிக்கோன் எண்ணெயையோ வாங்கி வந்துவிடுகிறார்கள். இரண்டுமே இதற்கு உதவாது. எண்ணெய் இறுகவே இறுகாது, ஒரு சொட்டு பட்டாலும் பெயின்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் விலகி வட்டக் குழியாக நிற்கும். விற்பவரிடம் பூச்சுக்கான மெத்தில் ஃபீனைல் ரெசின் என்று கேளுங்கள், தொழில்நுட்பத் தாளில் திடப்பொருள் சதவீதத்தையும் பாருங்கள். 60 சதவீதக் கரைசல் கிடைத்தால் 550-க்குப் பதில் 460 கிராம் ரெசின், குறையும் 90 கிராமுக்குச் சைலீன். உங்களுக்கு வேண்டியது 275 கிராம் திட ரெசின், அவ்வளவுதான்.

அலுமினியம் பவுடர் வாங்காதீர்கள், பேஸ்ட்டே வாங்குங்கள். காரணம் அடுத்த பகுதியில். பேஸ்ட்டில் மேலே மிதந்து வரும் வகை, மிதக்காத வகை என்று இரண்டு உண்டு. மிதக்கும் வகை கண்ணாடி மாதிரி மின்னும், ஆனால் அந்த உலோகத் தகடுகள் மேலே அடுக்கி நிற்பதால் தேய்த்தால் கையில் ஒட்டும், இரண்டாவது கோட்டின் பிடிப்பும் குறையும். இரண்டு கோட் அடிக்கும் வேலைக்கு நான் சொல்வது மிதக்காத வகை.

மைக்காவுக்குப் பதிலாக டால்க் போடலாம். அரைத்த சுண்ணாம்புக் கல்லும் சாதாரணக் களிமண்ணும் வேண்டாம். களிமண் 450 டிகிரிக்கு மேல் தனக்குள் இருக்கும் நீரை வெளிவிடும், அந்த ஆவி வெளியேற வழியில்லாமல் படலத்தைத் தூக்கும். மைக்காவின் தட்டையான துகள்கள் ஓடு வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக்கொண்டு விரிசல் ஓடாமல் தடுக்கும்.

சாமான்கள்: ஒரு கிராம் துல்லியமுள்ள எடை மெஷின், இரண்டு உலோகப் பாத்திரம், பல்வரிசை பிளேடு உள்ள வேகக் கலக்கி, அகலமான துடுப்பு உள்ள மெதுக் கலக்கி, 100 மெஷ் மற்றும் 60 மெஷ் வடிகட்டித் துணி, ஃபோர்டு கப் எண் 4 (பெயின்ட் ஒழுகி முடியும் நேரத்தை வைத்துப் பதம் பார்க்கும், அடியில் துளையுள்ள கிண்ணம்), ஒரு மில்லிமீட்டர் தடிமனில் நாலைந்து உருக்குத் தகடு. தகடுகளை மறக்காதீர்கள், சோதனை இல்லாமல் நேராகச் சாமானில் அடிப்பவர்கள்தான் பிறகு சுரண்டிக்கொண்டு உட்காருகிறார்கள்.

## 3. கை வைக்கும் முன் பாதுகாப்பு

சைலீனின் தீப்பற்று நிலை 25 டிகிரியை ஒட்டி இருக்கிறது. சாதாரண வெயில் நாளில் அதன் ஆவி ஒரு பொறியிலேயே பிடித்துவிடும் என்று அர்த்தம். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாக ஓடி நாலடி தள்ளி எரியும் அடுப்பைக்கூடத் தேடிப் போகும். ஆகவே திறந்த இடம், தீயில்லாத இடம். சாதாரண டிரில் மெஷினில் துடுப்பை மாட்டிக் கலக்காதீர்கள், அதன் மோட்டாருக்குள் எப்போதும் பொறி பறந்துகொண்டே இருக்கும். காற்றழுத்த மோட்டாரோ தீப்பொறி காக்கும் மோட்டாரோ வேண்டும். பாத்திரத்தையும் கலக்கியையும் கம்பி போட்டு எர்த் செய்யுங்கள்.

கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் போட்ட முகமூடி, கண்ணாடி, கையுறை மூன்றும் கட்டாயம். துணி மாஸ்க் தூசியைத்தான் ஓரளவு தடுக்கும், சைலீனைத் தடுக்காது. நைட்ரைல் கையுறையையும் சைலீன் கொஞ்ச நேரத்தில் ஊறிக் கடந்துவிடும், நனைந்தால் உடனே மாற்றுங்கள். ஃபியூம்டு சிலிக்கா இறகு மாதிரி பறக்கும், அதை எடை போடும்போது விசிறியை நிறுத்துங்கள்.

அலுமினியத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உலர்ந்த அலுமினியம் தூசி காற்றில் எழும்பினால் வெடிக்கக்கூடியது, பேஸ்ட்டில் அது கரைப்பானில் நனைந்திருப்பதால் எழும்பாது. உலர்ந்த அலுமினியம் பவுடரையும் இரும்பு ஆக்சைடு நிறமியையும் ஒரே பாத்திரத்தில் கொட்டாதீர்கள், சேர்த்து அரைக்கவே கூடாது. அந்தக் கலவைக்குப் பெயர் தெர்மைட், அதன் தீயில் இரும்பே உருகி ஓடும். குளோரின் உள்ள கரைப்பான்களும் அலுமினியத்தோடு ஆபத்தாக வினைபுரியக்கூடியவை, அவற்றைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள்.

அடுத்தது நீர்க்கண்ணாடி, அதாவது சோடியம் சிலிகேட். மலிவாகக் கிடைக்கிறது, சூடும் தாங்குகிறது என்று அதில் அலுமினியத்தைக் கலக்க நினைப்பவர்கள் நிறைய. அது கடுமையான காரம். காரத்தில் அலுமினியம் கரைந்து ஹைட்ரஜனை வெளிவிடும், மூடி வைத்த டப்பா உப்பி வெடித்துவிடும். வெறும் தண்ணீர், அமிலம் எது போனாலும் இதே கதைதான், வேகம் மட்டும் மாறும். அதனால் இந்த வேலையில் பாத்திரம், வடிகட்டி, கலக்கி எல்லாமே எலும்பு மாதிரி காய்ந்திருக்க வேண்டும்.

## 4. கலக்கும் வரிசை

இதன் பின்னால் இருக்கும் நியாயம் ஒன்றே ஒன்று. ஃபியூம்டு சிலிக்காவும் மைக்காவும் வேகமாக அடித்தால்தான் பிரியும். அலுமினியம் வேகமாக அடித்தால் கெடும். அந்தத் தகடுகள் ஒரு மைக்ரானைவிட மெல்லியவை, வேகமான பிளேடில் மடிந்து உடைந்து சாம்பல் நிறத் தூளாகிவிடும், பளபளப்பும் போகும், காற்றையும் ஈரத்தையும் தடுக்கும் அடுக்கும் போகும். ஆக, அடி தாங்குவது முதலில், தாங்காதது கடைசியில்.

முதல் கட்டம். ரெசினில் 300 கிராமை மட்டும் பாத்திரத்தில் எடுங்கள். பிளேடை ஓட விட்டு ஃபியூம்டு சிலிக்காவைச் சிறிது சிறிதாகத் தூவுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் வேகமாக ஓடட்டும். அப்புறம் மைக்காவைச் சேர்த்து இன்னொரு பதினைந்து நிமிடம். தின்னரை இப்போதே ஊற்றிவிட வேண்டும் என்று கை துடிக்கும், ஊற்றாதீர்கள். கலவை நீர்த்துவிட்டால் பிளேடின் அடி துகளில் விழாமல் நழுவிவிடும், கட்டிகள் அப்படியே நிற்கும். பாத்திரம் கைக்கு நன்றாகச் சுட ஆரம்பித்தால் நிறுத்தி ஆறவிட்டுத் தொடருங்கள், இல்லையென்றால் சைலீன் ஆவியாகி உங்கள் எடைக் கணக்கு மாறிவிடும்.

இரண்டாம் கட்டம். வேகத்தைக் குறைத்து மீதி 250 கிராம் ரெசினையும் 45 கிராம் சைலீனையும் சேருங்கள். ஐந்து நிமிடம் கலக்கி, 100 மெஷ் துணியில் வடிகட்டுங்கள். அலுமினியம் சேர்ந்த பிறகு இவ்வளவு நெருக்கமான துணியில் வடிகட்டினால் அடைத்துக்கொள்ளும், அதனால் கட்டிகளைப் பிடிக்க நல்ல தருணம் இதுதான்.

மூன்றாம் கட்டம். முதல் கட்டத்தைத் தொடங்கும்போதே இதையும் தொடங்கி வைத்துவிடலாம். வேறொரு பாத்திரத்தில் அலுமினியம் பேஸ்ட்டைப் போட்டு, மீதி 100 கிராம் சைலீனை நான்கைந்து தவணையாக ஊற்றி, தட்டையான கரண்டியால் மடித்து மடித்துக் குழையுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் பேஸ்ட் உருண்டைகளாக மிதக்கும், அந்த உருண்டைகளை உடைக்கப் பிறகு வேகம் தேவைப்படும், வேகம் கூட்டினால் தகடு உடையும். ஒரு மணி நேரமாவது மூடி ஊற வையுங்கள்.

நான்காம் கட்டம். இங்கேதான் பெரும்பாலானவர்கள் திசையை மாற்றிவிடுகிறார்கள். அலுமினியத்தை ரெசினுக்குள் கொட்டக் கூடாது, ரெசின் கலவையைத்தான் அலுமினியத்துக்குள் ஊற்ற வேண்டும், அதுவும் முதலில் கரண்டி கரண்டியாக. கெட்டியான பேஸ்ட்டைப் படிப்படியாக இளக்கும்போது கட்டி உருவாக வாய்ப்பில்லை. நீர்த்த ரெசினில் பேஸ்ட்டைப் போட்டால் அது அடியில் போய் உட்கார்ந்துவிடும். எல்லாம் சேர்ந்ததும் அகலத் துடுப்பில் மெதுவாகப் பதினைந்து நிமிடம். கலவையின் நடுவில் சுழி விழுந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

ஐந்தாம் கட்டம். 60 மெஷ் நைலான் துணியில் வடிகட்டி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். காற்றுக் குமிழ்கள் வெளியேறும், சிலிக்கா தன் பிடிப்பை எடுத்துக்கொள்ளும். மறுநாள் மெதுவாகக் கலக்கி ஃபோர்டு கப் 4-இல் ஊற்றிப் பாருங்கள். 25 முதல் 30 வினாடி வந்தால் பிரஷுக்குச் சரி. ஸ்பிரேக்கு 18, 20 வினாடிக்கு இறக்க, தனியாக வைத்த சைலீனைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். முதல் நாளே பதம் பார்த்துத் தின்னர் ஊற்றுபவர்களுக்கு மறுநாள் பெயின்ட் தண்ணீராகவோ கூழாகவோதான் கிடைக்கிறது.

இந்த அளவில் கிடைக்கும் பெயின்ட் லிட்டருக்குச் சுமார் 1.1 கிலோ எடை இருக்கும், கன அளவில் திடப்பொருள் சுமார் 35 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் டப்பா மேலேயே எழுதிவையுங்கள், அடிக்கும்போது தேவைப்படும்.

## 5. கருப்பு வேண்டுமென்றால்

நிறமி தேர்வில் கவனம். கார்பன் பிளாக் சூட்டில் எரிந்துபோகும், நிறம் வெளிறிவிடும். கருப்பு இரும்பு ஆக்சைடு 200 டிகிரியை ஒட்டியே செம்பழுப்பாக மாறத் தொடங்கும், மஞ்சள் ஆக்சைடும் அப்படித்தான் சிவந்துவிடும். தாங்குவது காப்பர் குரோமைட் ஸ்பினல் வகைக் கருப்பு. அது ஏற்கெனவே உயர் வெப்பத்தில் சுட்டுச் செய்யப்பட்ட நிறமி என்பதால் இந்தச் சூடு அதற்கு ஒன்றும் புதிதில்லை.

500 கிராம் ரெசின் கரைசல், 200 கிராம் ஸ்பினல் கருப்பு, 80 கிராம் மைக்கா, 8 கிராம் ஃபியூம்டு சிலிக்கா, மீதி சைலீன் என்று ஆரம்பியுங்கள். இதில் அலுமினியம் இல்லை, அதனால் மேலே சொன்ன மென்மையும் தேவையில்லை. பால் மில்லில் போட்டு, அரைப்பின் நுண்மை காட்டும் அளவியில் (கிரைண்ட் கேஜ்) கீறல் 30 மைக்ரானுக்குக் கீழே வரும் வரை அரைக்கலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் நிறத்தைத் தாண்டி ஒரு விஷயம் இருக்கிறது. அலுமினியம் பெயின்ட் வெப்பத்தைக் குறைவாகக் கதிர்வீசும், கருப்பு அதிகமாக வீசும். அறையைச் சூடேற்றும் கணப்பு அடுப்புக்குக் கருப்புதான் நல்லது. சூட்டை உள்ளேயே வைத்திருக்க வேண்டிய குழாய்க்கு வெள்ளி.

## 6. உலோகத்தைத் தயார் செய்தல்

முதலில் எண்ணெய், பிறகு துரு. இந்த இரண்டின் வரிசையை மாற்றினால், நீங்கள் தேய்க்கும் ஒவ்வொரு தேய்ப்பும் எண்ணெயை உலோகத்தின் கீறல்களுக்குள் அழுத்தித் திணிக்கும். கரைப்பானில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்து, துணியை அடிக்கடி மாற்றுங்கள்.

அப்புறம் கிரிட் பிளாஸ்டிங், அதாவது கூரான துகள்களைக் காற்றழுத்தத்தில் பரப்பின் மேல் வீசிச் சுத்தம் செய்வது. ஐஎஸ்ஓ 8501-1 தரத்தில் எஸ்ஏ 2½ நிலைக்கு, 25 முதல் 40 மைக்ரான் சொரசொரப்போடு. பிளாஸ்டிங் வசதி இல்லையென்றால் சுழலும் கம்பி பிரஷ், பிறகு 80 எண் உப்புத்தாள், உலோக வெண்மை தெரியும் வரை. இதற்கு ஆயுள் குறைவுதான், ஆனாலும் ஒழுங்காகச் செய்தால் நிற்கும்.

புதுத் தகட்டில் கருநீலமாக, பார்க்க அழகாக இருக்குமே ஒரு மெல்லிய செதில், மில் ஸ்கேல், அதை விட்டுவைக்காதீர்கள். துரு இல்லை, சுத்தமாகத்தானே இருக்கிறது என்று அதன் மேலேயே அடித்துவிடுகிறார்கள். சூட்டில் அந்தச் செதிலும் உருக்கும் ஒரே அளவில் விரிவதில்லை. நாலைந்து முறை சூடேறி ஆறியதும் செதில் பெயர்ந்து வரும், அதோடு உங்கள் பெயின்ட்டும் வரும்.

ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துவிட்டு மேலே இதை அடிக்கலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். கூடாது. அந்தப் பிரைமரின் ஆல்கைடு ரெசின் அடியில் எரிந்து சாம்பலாகும், மேலே இருப்பது நன்றாக இருந்தும் பிடிமானம் இல்லாமல் உதிரும். நேராக வெறும் உலோகத்தில் அடியுங்கள். வெளியில் மழையில் நிற்கும் சாமானாக இருந்து, சூடு 400 டிகிரியைத் தாண்டாது என்றால், அடியில் இனார்கானிக் ஜிங்க் சிலிகேட் பிரைமர் போடலாம். ஸ்டெயின்லெஸ் உருக்கில் மட்டும் ஜிங்க் உள்ள எதையும் போடாதீர்கள், உயர் வெப்பத்தில் உருகிய ஜிங்க் அந்த உருக்குக்குள் ஊடுருவி விரிசல் விடவைக்கும்.

சுத்தம் செய்த பரப்பை வெறுங்கையால் தொடாதீர்கள். நான்கு மணி நேரத்துக்குள் முதல் கோட் ஏறிவிட வேண்டும், அதற்கு மேல் விட்டால் கண்ணுக்குத் தெரியாத துரு தொடங்கியிருக்கும்.

## 7. அடித்தல்

மெல்லியதாக அடியுங்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வாக்கியத்தை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். சாதாரண பெயின்ட்டில் தடிமன் கூடினால் பாதுகாப்பு கூடும், இங்கே அது தலைகீழ். தடித்த படலத்தில் அடியில் சிக்கிய கரைப்பான் சூட்டில் கொப்பளமாகக் கிளம்பும். உலோகம் விரிய, இறுகிப்போன பெயின்ட் அந்த அளவுக்கு விரியாமல் வெடிக்கும்.

ஒரு கோட் காய்ந்தபின் 20 மைக்ரான், மொத்தம் இரண்டு கோட், 40 மைக்ரான். 50-ஐத் தாண்ட வேண்டாம். 35 சதவீதத் திடப்பொருளுக்கு, 20 மைக்ரான் காய்ந்த படலம் வேண்டுமென்றால் ஈரத்தில் 57 மைக்ரான் அளவு. ஈரப்படலம் அளக்கும் சீப்பு இருந்தால் அதில் பாருங்கள். இல்லையென்றாலும் வழி இருக்கிறது: ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கோட்டுக்கு 63 கிராம் பெயின்ட். அடிப்பதற்கு முன்னும் பின்னும் டப்பாவை எடை போட்டால், கூடுதலாக ஏறியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். பிரஷில் இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்தும், ஸ்பிரேயில் காற்றில் போவதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

பரப்பின் வெப்பம் காற்றின் பனிநிலையைவிட (காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி மேலே இருக்கட்டும், ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே. சூடாக இருக்கும் சாமானில் அடிக்காதீர்கள். கரைப்பான் பரவுவதற்கு முன்பே பறந்துவிடும், படலம் பொடிப்பொடியாக விழும், தீ ஆபத்து தனி.

வெல்டிங் கோடு, ஓரம், போல்ட் தலை இவற்றில் சின்ன பிரஷால் முதலில் ஒரு மெல்லிய இழுப்பு. கூரான ஓரத்தில் பெயின்ட் தானாகவே பின்வாங்கிவிடும், துரு அங்கிருந்துதான் தொடங்கும். அடிக்கும்போது கால் மணிக்கொரு முறை டப்பாவைக் கலக்குங்கள். இரண்டாவது கோட்டுக்கு ஒரு நாள் இடைவெளி விடுங்கள்.

## 8. முதல் சூடு

காற்றில் காய்ந்ததும் தொட்டால் ஒட்டாது, அதை வைத்து வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். சிலிக்கோன் ரெசின் சாதாரண வெப்பத்தில் இறுகாது. கரைப்பான் போயிருக்கிறது, அவ்வளவுதான். நகத்தால் கீறினால் வரும், சைலீன் துணியால் துடைத்தால் கரையும், மழை பட்டால் கீழே துருப்பிடிக்கும். சூடேற்றும் வரை அந்தச் சாமானைக் கூரைக்குக் கீழே வையுங்கள். இரண்டு மூன்று மாதம் கிடப்பில் கிடக்கப்போகும் சாமானாக இருந்தால், அடிப்பதையே அந்தக் கடைசி நேரத்துக்குத் தள்ளிப்போடுங்கள்.

கடைசிக் கோட்டுக்குப் பிறகு ஒரு நாள் காற்றில். அப்புறம் 100 டிகிரியில் அரை மணி, 150-இல் அரை மணி, 200 முதல் 230-க்குள் ஒரு மணி நேரம். நிமிடத்துக்கு இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். முதல் இரண்டு நிறுத்தங்களும் மிச்சமிருக்கும் சைலீன் வெளியேற, மூன்றாவதுதான் ரெசின் பின்னிக்கொள்ளும் நேரம். ஓவனில் வைத்தால் ஆவி வெளியேறும் காற்றோட்டம் உள்ள ஓவன் வேண்டும். மூடிய ஓவனில் சைலீன் ஆவி சேர்ந்தால் அது வெடிகுண்டுதான்.

ஓவனில் நுழையாத சூளை, புகைபோக்கி என்றால் அதன் சொந்தத் தீயே போதும். சின்னத் தீ வைத்து இதே படிகளைப் பின்பற்றுங்கள்.

பிறகு வேலை வெப்பத்துக்குப் போகும் முதல் தடவை 300-க்கும் 450-க்கும் நடுவில் பொறுமை வேண்டும். கரிமக் குழுக்கள் எரிந்துகொண்டிருக்கும், சிலிக்கா இன்னும் முழுதாகப் பிடித்திருக்காது, படலம் தன் ஆயுளிலேயே பலவீனமாக இருக்கும் நேரம் அது. 50 டிகிரிக்கு ஒரு தடவை அரை மணி நிறுத்துங்கள். புகை வரும், வாடை வரும். அதில் ஃபார்மால்டிஹைடும் பென்சீனும் இருக்கக்கூடும், அதனால் ஆள், பிராணி யாரும் இல்லாத திறந்த இடத்தில், புகை அடங்கும் வரை. உணவு படும் பரப்பில் இந்தப் பெயின்ட்டை எந்தக் காரணத்துக்கும் அடிக்காதீர்கள்.

## 9. சோதனைத் தகடுகள்

சாமானில் அடிக்கும் முன் தகட்டில் இதே படிகளை ஓட்டிப் பாருங்கள்.

230-இல் இறுகிய தகட்டைச் சைலீன் நனைத்த துணியால் ஐம்பது தடவை முன்னும் பின்னும் தேயுங்கள். துணியில் லேசாக வெள்ளி ஒட்டினால் பரவாயில்லை, உலோகம் தெரிந்தால் இறுகவில்லை. அடுத்து பிளேடால் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, டேப் ஒட்டிப் பிடுங்குங்கள். கட்டங்கள் பெயரக் கூடாது.

கடைசியாகச் சூட்டுச் சோதனை. 200, 300, 400 என்று ஏற்றி வேலை வெப்பத்தில் சில மணி நேரம் வைத்து, தானாக ஆறவிடுங்கள். இதை நாலைந்து சுற்று செய்யுங்கள், ஒரே ஒரு நீண்ட சூட்டைவிட ஏறி இறங்கும் சூடுதான் பூச்சைக் கொல்லும். பிறகு தகட்டை வெளியில் ஈரத்தில் வைத்து ஒரு வாரம் பாருங்கள்.

## 10. கெட்டுப்போனால் எங்கே தேடுவது

கொப்பளம் என்றால் தடிமனையோ வேகமான முதல் சூட்டையோ சந்தேகியுங்கள். கொப்பளத்தைக் கீறிப் பார்த்து அடியில் இன்னொரு பெயின்ட் படலம் இருந்தால் கோட்டுகளுக்கு நடுவே கரைப்பான் சிக்கியிருக்கிறது, வெறும் உலோகம் தெரிந்தால் எண்ணெய் அல்லது ஈரம்.

தகடு தகடாக உரிந்து, உரிந்த துண்டின் பின்பக்கம் கருநீலமாக இருந்தால் மில் ஸ்கேல். பின்பக்கம் சுத்தமான வெள்ளியாக இருந்தால் பரப்பு வழவழப்பு, சொரசொரப்பு போதவில்லை.

நிறம் மங்கிச் சாம்பலாக இருந்தால் அலுமினியத்தை வேகமாக அடித்திருக்கிறீர்கள், அதற்கு மருந்து இல்லை, அடுத்த தடவைதான். சூடேறிய பிறகு விரலில் பொடியாக ஒட்டினால் ரெசின் குறைவு. எடையை மீண்டும் சரிபாருங்கள், 60 சதவீத ரெசின் என்று நினைத்து 50 சதவீதத்தை ஊற்றியிருப்பது நடக்கக்கூடியதே. சீக்கிரம் காயவில்லையே என்று ஆல்கைடு வார்னிஷைக் கலந்திருந்தாலும் இப்படி ஆகும், எரிந்துபோன ஆல்கைடின் இடம் வெற்றிடமாக நிற்கும்.

## 11. மிச்சத்தை வைத்திருத்தல், பிறகு ஒட்டுப்போடுதல்

காய்ந்த உலோக டப்பாவில், வெயில் படாத இடத்தில். ஈரம் புகுந்திருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் மூடியை இறுக்காதீர்கள், திறந்த இடத்தில் தளர்வாக வைத்துக் கவனியுங்கள். உப்பிய டப்பாவை முகத்துக்கு நேரே திறக்காதீர்கள், பக்கத்தில் தீ இருக்கக் கூடாது. ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். அடியில் படிந்த அலுமினியத்தைக் கையால் துடுப்புப் போட்டுத்தான் எழுப்ப வேண்டும், மெஷின் வேண்டாம். சைலீன் நனைந்த துணிகளைத் தண்ணீர் நிரம்பிய மூடியுள்ள உலோக வாளியில் போடுங்கள், அந்த வாளி பெயின்ட் டப்பாவுக்குத் தூரத்தில் இருக்கட்டும்.

சூட்டில் இறுகிய பழைய பூச்சின் மேல் புதியது லேசில் பிடிக்காது, சிலிக்கோனின் இயல்பு அது. ஓரிடத்தில் அடிபட்டு உரிந்தால், அந்த இடத்தை உலோகம் வரை தேய்த்து, சுற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்குப் பழைய படலத்தை 180 எண் உப்புத்தாளால் மெலியத் தேய்த்து இறக்கி, இரண்டு மெல்லிய கோட். பழையதன் மேல் ஏறும் ஓரத்தில் பிரஷைக் கிட்டத்தட்டக் காய்ந்த நிலையில் இழுங்கள், அங்கே தடிமன் 50 மைக்ரானைத் தாண்டிவிடக் கூடாது. பிறகு மறுபடி 100, 150, 230 என்று அதே படிகள்.